கோட்டறைச் சமன்பாடு

போனதும் வந்ததும் ஒன்றா என்று கண்டுபிடிப்பதற்காகவே மனித இனம் தோன்றியது. நெருப்பை மூட்டியது, சக்கரம் செய்தது, கல்யாணம் பண்ணிக்கொண்டது எல்லாம் இடையில் பொழுது போகாமல் செய்த காரியங்கள். இந்தத் தலையாய கேள்விக்கு உலகிலேயே மிகச் சிக்கனமான விடையைக் கண்ட பெருமை, டான்யூப் நதிக்கரையில் விதின் நகரத்திலுள்ள எங்கள் கணினிக் கல்லூரியின் கோட்டறையைச் சேரும். அந்த மகத்தான ஆய்வில் அடியேனுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. பொத்தான் எண்ணியது நான்தான்.

எங்கள் ஊரில் குளிர்காலத்துக் கோட்டோடு வகுப்பில் நுழைவது, சேற்றுச் செருப்போடு கட்டிலில் ஏறுவதற்குச் சமம். ஆகவே காலையில் முந்நூற்று எண்பத்தாறு பேரும் கீழ்த்தளத்தில் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் மேலே போவோம். வாங்கி மாட்டுகிறவர் பென்கா அக்கா. பத்தொன்பது வருஷமாக அதே மரத்தடுப்புக்குப் பின்னால் நிற்கிறவர். கோட்டுக்கு ஒரு பித்தளை வில்லை கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. வில்லைகளில் பாதி நாங்கள் சேருவதற்கு முன்பே காணாமல் போய்விட்டன. மீதிப் பாதியை அவர் ஜன்னல் காற்றில் ஆடாமலிருக்க முட்டுக் கொடுக்கப் பயன்படுத்தினார். வில்லையெல்லாம் அவருக்கு எதற்கு? முகத்தைப் பார்ப்பார். கோட்டு வரும். கோட்டோடு இலவசமாக ஒரு விமரிசனமும் வரும். எனக்கு வந்தவற்றில் ஒன்று:

"காமென், உன் பையில போன வாரத்துப் பனித்சாப் பலகாரம் ஒண்ணு கிடக்கு. ஒண்ணு தின்னு, இல்ல அடக்கம் பண்ணு. என் கோட்டறைல வெச்சு வளர்க்காத."

இந்த விமரிசனத்திலிருந்து பதவியில் இருந்தவர்களும் தப்பவில்லை. துணை முதல்வர் பேராசிரியர் ஒக்னியான் தெர்சியேவின் கறுப்பு மேல்கோட்டில் மூன்றாவது பொத்தான் நவம்பர் மாதத்திலிருந்து ஒற்றை நூலில் ஆடிக்கொண்டிருந்தது. தினமும் சாயங்காலம் பென்கா அக்கா ஊசியைக் காட்டுவார், ரெண்டே நிமிஷம் என்பார். பேராசிரியரிடம் அந்த ரெண்டு நிமிஷம் இருந்ததில்லை. அவர் நேரத்தை மிச்சப்படுத்துவது எப்படி என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பத்தொன்பது வருஷத்தில் ஒரு கோட்டும் தொலையவில்லை. சிக்கலே இதுதான். தொலையவில்லை என்பதற்கு எழுத்துபூர்வமான ஆதாரம் எதுவும் இல்லை.

இந்தப் பயங்கரம் பிப்ரவரியில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அமைச்சகத்திலிருந்து மேடம் வெலிச்கோவா என்ற உயரதிகாரி மார்ச் முதல் தேதி வருகிறார், 'முன்மாதிரித் திறன் கல்லூரி' என்ற சான்றிதழுக்கு நாங்கள் தகுதியா என்று பார்ப்பார் என்று கடிதம் வந்தது. திறனைக் காட்ட ஏதாவது ஒன்று வேண்டும். பேராசிரியர் கல்லூரி முழுக்கத் தேடினார். மாடியிலிருந்து தேடத் தொடங்கியதால் கோட்டறையில் வந்து முடிந்தது. என்னைக் குறிப்பெடுக்கச் சொல்லிவிட்டு, பென்கா அக்காவை விசாரித்தார்.

"காலைல வந்த கோட்டும் சாயங்காலம் போன கோட்டும் ஒண்ணுதான்னு எப்படிச் சரிபார்க்கிறீங்க?"

"எல்லாரும் போட்டுக்கிட்டுப் போயிடுவாங்க சார்."

"அது சரிபார்ப்பு இல்லம்மா. அது சம்பவம்."

"கொக்கியெல்லாம் காலியா இருக்கும்."

"காலியா இருக்கிறத வெச்சு எதையுமே நிரூபிக்க முடியாது" என்றார் பேராசிரியர். அதைக் கோடிட்டுக் குறித்துக்கொள்ளச் சொன்னார். குறித்துக்கொண்டேன். இன்னமும் என்னிடம் இருக்கிறது.

மறுநாளே 'ஒத்த உறுப்பு உறுதிப்பாட்டுக் குழு' அமைந்தது. தலைவர் பேராசிரியர். செயலாளரும் நிரல் எழுதுகிறவனும் நான். இதையே என் பட்டத்துக்கான இறுதித் திட்டமாக ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மாணவர் பிரதிநிதி என் வகுப்பு ராலித்சா. நான்காமவர் உடற்பயிற்சி ஆசிரியர். தீர்மானங்களுக்குக் கை தூக்குவதற்காக அழைக்கப்பட்டவர். அதில் அவருக்கு நல்ல பயிற்சி இருந்தது.

பேராசிரியர் கரும்பலகையில் இரண்டு பட்டியல் வரைந்தார். ஒன்று உள்ளே வந்த கோட்டுகள். மற்றது வெளியே போன கோட்டுகள். இரண்டிலும் இருப்பவை ஒன்றா? அவ்வளவுதான் கேள்வி. முதல் வழி, ஒவ்வொரு கோட்டையும் மற்றப் பட்டியலின் ஒவ்வொரு கோட்டோடும் ஒப்பிடுவது. முந்நூற்று எண்பத்தாறை அதே எண்ணால் பெருக்கினால் ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. ஒப்பீட்டுக்குப் பத்து விநாடி என்றால், சோறு தண்ணீர் இல்லாமல் பதினேழு நாள். அதற்குள் வசந்தம் வந்துவிடும், கோட்டே தேவைப்படாது என்று நிராகரிக்கப்பட்டது. இரண்டாவது வழி, இரண்டு பட்டியலையும் கனத்தின்படி வரிசையாக அடுக்கிவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இதற்கு இரண்டு முறை அடுக்க வேண்டும். இரண்டு முறை என்பது பேராசிரியருக்குப் பிடிக்காத எண்.

அப்போதுதான் ராலித்சா கையை உயர்த்தினாள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம், உள்ளே வரும்போது ஒன்று கூட்டு, வெளியே போகும்போது ஒன்று கழி, கடைசியில் எல்லாம் சைபராக இருந்தால் இரண்டு பட்டியலும் ஒன்று என்றாள். இதைத்தான் பேராசிரியரே எங்களுக்கு இரண்டாம் ஆண்டில் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"அதுக்கு நினைவகம் வேணுமே" என்றார் அவர்.

"கொஞ்சம் வேணும் சார். எந்தக் கோட்டு யாரோடதுன்னு ஞாபகம் வெச்சுக்க."

"அந்த மாதிரி ஞாபகம் வெச்சுக்கத்தான் கீழ பென்கா இருக்காங்க. அவங்கள அனுப்பிடலாம்னுதானே நாம இங்க உட்கார்ந்திருக்கோம்?"

அவரை அனுப்பப்போகிறோம் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. உடற்பயிற்சி ஆசிரியர் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கினார். அது தீர்மானமாகப் பதிவாயிற்று.

பிறகு பேராசிரியர் தன் கண்டுபிடிப்பை அறிவித்தார். கோட்டை ஞாபகம் வைக்க வேண்டாம். முகத்தை ஞாபகம் வைக்க வேண்டாம். உள்ளே வரும் கோட்டுகளின் பொத்தான்களை எல்லாம் கூட்டு. வெளியே போகும் கோட்டுகளின் பொத்தான்களை எல்லாம் கூட்டு. இரண்டு தொகையும் ஒன்றானால் இரண்டு பட்டியலும் ஒன்று. ஒரே ஒரு எண். நினைவகம்: ஒரு துண்டுக் காகிதம். வாசலில் கதவுநிலை போல ஒரு சட்டம், சட்டத்தில் கேமரா, மேலே ஒரு விளக்கு. தொகை சரியானால் பச்சை.

இப்போதெல்லாம் பாதிக் கோட்டுகளுக்குப் பொத்தானே கிடையாதே, ஜிப்தானே என்று நான் தயங்கியபடி கேட்டேன். ஒரு ஜிப் ஆறு பொத்தானுக்குச் சமம் என்று பெரும்பான்மை வாக்கில் முடிவாயிற்று. ராலித்சா மட்டும் விடுவதாக இல்லை.

"பத்துப் பொத்தான் கோட்டு ஒண்ணு காணாமப் போய், யாரோ ஒருத்தர் நாலு பொத்தான அதிகமா ஒட்டிக்கிட்டு, இன்னொருத்தர் ஜிப் போட்டுக்கிட்டுப் போனா?"

"அப்படியெல்லாம் விதின்ல நடக்காது."

"சரி சார். என் கோட்டு இவன்கிட்டயும் இவன் கோட்டு என்கிட்டயும் போயிட்டா? தொகை மாறாதே."

பேராசிரியர் முகத்தில் ஒரு தெய்வீகப் புன்னகை மலர்ந்தது. "வரிசை முக்கியமில்லம்மா. எது எங்க இருக்குன்னு நாம கேட்கறதே இல்ல. எல்லாம் இருக்கான்னு மட்டும்தான் கேட்கறோம். இந்தக் கோட்பாட்டோட அழகே அதுதான்."

பிப்ரவரி இருபத்தெட்டு அன்று இரண்டு கடிதங்களை நான் தட்டச்சு செய்தேன். முதலாவது சுற்றறிக்கை. மார்ச் முதல் தேதி நாங்கள் எல்லோரும் வசந்தத்தை வரவேற்கச் சிவப்பும் வெள்ளையுமாகத் திரித்த நூலைக் கழுத்துப் பட்டியில் குத்திக்கொண்டு, நாரை கண்ணில் படும்வரை கழற்றாமல் திரிவது வழக்கம். ஒத்திகையின்போது அந்த நூலில் தொங்கும் குஞ்சத்தைக் கேமரா பொத்தான் என்று எண்ணிவிட்டது. ஆகவே, 'நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு வசந்தகாலம் இவ்வாண்டு மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும். அதற்கு முன் எவரும் கோட்டில் நூல் அணியலாகாது.'

இரண்டாவது கடிதம் பென்கா அக்காவுக்கு. 'பத்தொன்பது ஆண்டுச் சேவைக்கு நன்றி. தங்கள் நினைவாற்றல் இன்று முதல் இந்நிறுவனத்துக்குத் தேவைப்படாது.' நிரூபணத்தின் மேல் இருந்த நம்பிக்கையில் முதல்வர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டார். பச்சை விளக்கு எரிந்ததும் கையில் கொடுப்பதற்காகப் பேராசிரியர் உறையைத் தன் மேல்கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். பென்கா அக்காவிடம் நாளைக்கு ஒரு நாள் விடுப்பு என்று மட்டும் சொல்லப்பட்டது. பத்தொன்பது வருஷத்தில் கிடைத்த முதல் விடுப்பை எப்படிச் செலவழிப்பது என்று தெரியாமல் அவர் காலையிலேயே வந்து, கல்லூரிக்கு எதிரிலுள்ள பொம்மலாட்ட அரங்கின் படியில் உட்கார்ந்து, சூரியகாந்தி விதை கொறித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் முதல் தேதி பனி கொட்டியது. மேடம் வெலிச்கோவா நரிரோமக் கழுத்துப்பட்டி வைத்த சாம்பல் நிறக் கோட்டோடு சட்டத்தைக் கடந்தார். கேமரா எட்டு என்றது. பேராசிரியரும் கடந்தார், ஆறு. எல்லோரும் கோட்டை உள்ளே இருந்த நீண்ட மேசைமேல் போட்டோம். வரிசை முக்கியமில்லை என்பதால் கொக்கிகள் முதல் நாளே கழற்றப்பட்டிருந்தன. பதினோரு மணிக்குள் கோட்டுகள் ஒரு சிறு குன்றாக எழுந்தன. மேடத்தின் கோட்டையும் சேர்த்து முந்நூற்று எண்பத்தேழு உருப்படி, இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தொரு பொத்தான். துண்டுக் காகிதத்தில் அந்த எண்ணை எழுதி, காகிதத்தை மேடத்திடம் ஒப்படைத்தேன். அவர் அதைக் கைக்குழந்தையைப் போல வாங்கிக்கொண்டார்.

நாலு மணிக்கு மணி அடித்தது. எல்லோரும் ஒரே சமயத்தில் இறங்கி வந்தோம். குன்று பத்து நிமிஷத்தில் கரைந்தது. கைக்கு எது வந்ததோ அதை இழுத்து மாட்டிக்கொண்டு, பின்னால் இருப்பவர்கள் தள்ள, சட்டத்தைக் கடந்து முற்றத்துக்குப் போனோம். எனக்கு வாய்த்தது கனமான கறுப்பு மேல்கோட்டு. குறை சொல்லும்படி இல்லை.

மேடத்தின் முறை வந்தபோது முதுகில் தவளைப் படம் போட்ட ஒரு மஞ்சள் ஜிப் கோட்டுதான் மேசையில் மிச்சம் இருந்தது. விளக்கு எரிகிறதா என்ற ஆவலில் அவர் அதையே தோளில் போட்டுக்கொண்டு கடந்துவிட்டார். பேராசிரியருக்கு எதுவும் மிஞ்சவில்லை. உடற்பயிற்சி ஆசிரியர் இரண்டு கோட்டு போட்டுக்கொண்டு போயிருந்தார், ஒன்றுக்கு மேல் ஒன்று, இரண்டின் பொத்தானும் கேமராவுக்குத் தெரியும்படி, குளிர் அதிகம் என்று. பேராசிரியர் வெறும் உள்கோட்டோடு விளக்கை அண்ணாந்து பார்த்தார்.

சிவப்பு. இரண்டாயிரத்து நூற்று நாற்பது. ஒன்று குறைகிறது.

ஒரு கல்லூரியின் எதிர்காலம் ஒரு பொத்தானில் தொங்கிய கணம் அது. மற்றவராக இருந்தால் கலங்கியிருப்பார். பேராசிரியர் தன் உள்கோட்டின் நடுப் பொத்தானைப் பிடித்து ஒரே இழுப்பில் பிய்த்து, கேமரா முன் நீட்டி, இரண்டு விரலால் சட்டத்தைக் கடக்கச் செய்தார்.

பச்சை.

மேடம் கைதட்டினார். உடற்பயிற்சி ஆசிரியர் கையைத் தூக்கினார். 'சிறு அளவீட்டுத் திருத்தத்துக்குப் பின் சமன்பாடு நிறுவப்பட்டது' என்று நான் குறிப்பில் எழுதினேன்.

முற்றத்தில் மட்டும் விஞ்ஞான மனப்பான்மை குறைவாக இருந்தது. கூடைப்பந்து ஆடும் நெட்டையனுக்கு முழங்கையோடு கை முடிந்துபோயிருந்தது. ராலித்சா யாருடைய கோட்டுக்குள்ளேயோ காணாமல் போயிருந்தாள், குரல் மட்டும் கேட்டது. சாவி, கைபேசி, மூக்குக் கண்ணாடி, ஒருவனுடைய பல் கிளிப், எல்லாம் பத்திரமாகக் கல்லூரியை விட்டு வெளியே வந்திருந்தன, வேறு வேறு ஆட்களோடு. மேடமும் மெல்லச் சூழ்நிலையை உணர்ந்தார்.

"என் கோட்டு எங்க?"

"வெளிய போன பட்டியல்ல இருக்கு மேடம். நிரூபணமே ஆயிடுச்சு" என்றார் பேராசிரியர்.

"சரி, எங்க இருக்கு?"

"எங்கங்கிறது வேற ஆராய்ச்சி மேடம். அதுக்குத் தனியா நிதி ஒதுக்கணும்."

மேடம் தவளையைத் தோளிலிருந்து இறக்கி அவரிடம் நீட்டினார். பேராசிரியர் அதை வாங்கவில்லை. அப்போதுதான் அவருக்குத் தன் கோட்டின் ஞாபகமும், உள்பையில் இருந்த உறையின் ஞாபகமும் வந்திருக்க வேண்டும். முகம் வெளிறியது, பனி காரணமாகவும் இருக்கலாம்.

எனக்கு அந்த ஞாபகம் கொஞ்சம் முன்பே வந்துவிட்டது. குளிருக்குக் கையை உள்ளே விட்டபோது உறை விரலில் பட்டது. நான் தட்டச்சு செய்த உறை எனக்குத் தெரியாதா? பக்கத்தில் சாக்கடையின் கம்பிமூடி இருந்தது. உறையை அதற்குள் நழுவவிட ஒரு நொடி போதும். ஆனால் வந்தது எல்லாம் போக வேண்டும், எந்த உறுப்பும் குறையக்கூடாது என்பதல்லவா எங்கள் கோட்பாடு? என் பட்டமும் அதில்தானே இருக்கிறது? உறையை விஞ்ஞானத்தின் பெயரால் இருந்த இடத்திலேயே விட்டேன்.

இதற்குள் யாரோ தெருவைத் தாண்டி ஓடி, பென்கா அக்காவைக் கூட்டிவந்திருந்தார்கள். அவர் கல்லூரிப் படியில் ஏறி நின்று, மிச்சமிருந்த விதையை வாயில் போட்டுக்கொண்டு, முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நெட்டையா, கழட்டு, அது முதல் வருஷத்து யோவ்கோவோடது. நீ, ஆமா நீதான், அந்தக் கோடு போட்டத அந்தப் பொண்ணுகிட்ட குடு. அவ பச்சைய உனக்குக் குடுப்பா. ராலித்சா எங்க? ஆ, அதுக்குள்ளயா இருக்க? வெளிய வா. மாஸ்டர், மேல இருக்கிறது உங்களுதுதான், உள்ள போட்டிருக்கிறத கழட்டுங்க. அது அமைச்சகத்து அம்மாவோடது, காலைல வரும்போது பார்த்தேன்."

இருபது நிமிஷம். துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. கடைசியில் பேராசிரியர் ஒருவர் மட்டும் கோட்டில்லாமல் நின்றார். அந்தக் கோட்டுக்குள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவும் முடியவில்லை. கண்டுபிடிக்கச் சொல்லிக் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. மைனஸ் ஆறு டிகிரி அவர் சார்பில் கேட்டது.

"என்னோடது... கறுப்பு..."

"மூணாவது பொத்தான் ஆடுறது. எனக்குத் தெரியாதா சார்? காமென், கழட்டுடா."

கழற்றினேன். மூன்றாவது பொத்தான் இருந்த இடத்தில் ஒற்றை நூல் மட்டும் இருந்தது. பென்கா அக்கா கோட்டை வாங்கி ஒரு தடவு தடவினார். "விழுந்துடுச்சு பார்த்தீங்களா? நவம்பர்லேர்ந்து சொல்றேன். உள்பையில ஏதோ கவர் இருக்கு சார், பத்திரமா எடுத்து வெச்சுக்குங்க."

முந்நூற்றுச் சொச்சம் பேர் அவரவர் கோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பேராசிரியர் கொள்கைப் பிடிப்புள்ளவர். உறையை எடுத்தார். "இது உங்களுக்குத்தான்" என்றார்.

பென்கா அக்கா நிதானமாகப் படித்தார். மடித்துப் பையில் வைத்தார்.

"சரி சார். அந்தக் கையில என்ன வெச்சிருக்கீங்க, பொத்தானா? அத இதுல தைக்கட்டுமா வேண்டாமா? அத மட்டும் இப்பச் சொல்லுங்க."

"தைங்க" என்றார் பேராசிரியர்.

தைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். மேடம் நரிரோமத்தைத் தடவியபடி அறிக்கையில் 'நடைமுறையில் சில்லறைக் குறைகள்' என்று ஒரு வரி சேர்த்து, சான்றிதழில் கையெழுத்திட்டார். அதில் எங்கள் நால்வர் பெயரும் இருந்தது. ராலித்சா தன் பெயரை மையால் அடித்துவிட்டாள். நான் மை வீணாகும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் எங்கள் கண்டுபிடிப்பு உச்சத்தைத் தொட்டது. பொம்மலாட்ட அரங்கில் கோட்டறை ஒன்று பகலெல்லாம் சும்மா கிடந்தது. அதைப் பார்த்துக்கொள்ள அடுத்த வாரமே பென்கா அக்காவை அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து கல்லூரி முழுக்க முதலில் அங்கே போய்க் கோட்டைக் கொடுத்துவிட்டு, வெறும் ஸ்வெட்டரோடு தெருவைக் குறுக்கே கடந்து ஓடி வருகிறது. சாயங்காலம் அதே ஓட்டம் திரும்பி. நேற்றுக் காலை ஓடியவர்களில் மூக்கு சிவந்த ஒருவருக்கு உள்கோட்டில் நடுப் பொத்தான் இல்லை. அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

ஆகவே இப்போது எங்கள் சட்டத்தின் வழியே உள்ளே வரும் பொத்தான்கள்: பூஜ்யம். வெளியே போகும் பொத்தான்கள்: பூஜ்யம். இரண்டு பட்டியலும் ஒன்று. பச்சை விளக்கு அணைவதே இல்லை. சரிபார்க்க ஆகும் நேரம் கடிகாரத்தால் அளக்க முடியாத அளவு சிறியது. பேராசிரியர் இதை ஒரு கட்டுரையாக எழுதி மூன்று நாடுகளில் வாசித்துவிட்டார். அமைச்சகம் உச்சி குளிர்ந்து, இதே முறையைக் கல்வியின் மற்ற துறைகளுக்கும் விரிவாக்க ஆணையிட்டது.

முதல் சோதனைக்கு என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நாலு வருஷத்துக்கு முன் கல்லூரியில் நுழைந்த நாளன்று என் மண்டைக்குள் இருந்தவை ஒரு பட்டியல். பட்டத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியேறும் நாளன்று இருப்பவை இன்னொரு பட்டியல். பேராசிரியர் கைகுலுக்கி அனுப்ப, நேற்று மாலை நான் சட்டத்தைக் கடந்தேன்.

ஒரு பொத்தான்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பச்சை.